கனமான லென்ஸ்தான் நல்ல லென்ஸா?

சித்ரா பௌர்ணமி விடியற்காலையில் அழகரைப் பார்க்க ஆழ்வார்புரத்துப் பக்கம் வைகைக்குள் இறங்கி நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே கையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் இடம் கேட்க வேண்டும். முன்னால் ஒருவர் செம்பில் சர்க்கரை நிரப்பி அதன்மேல் சூடம் ஏற்றி வைத்திருப்பார். பின்னால் ஒருவர் தோப்பறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார். தோளில் பிள்ளையை ஏற்றிய அப்பாக்கள் நாலாபக்கமும் நிற்பார்கள். சில வருடங்களுக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற இளைஞர் கழுத்தில் 70-200 எஃப் 2.8 லென்ஸ் தொங்கியது. என் கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற 35 மி.மீ. லென்ஸ். தெரிந்த பையன்தான், கல்யாண வேலைகளில் அடிக்கடி பார்ப்பேன்.

"அண்ணே, இத வச்சா எடுக்கப் போறீங்க? பெரிய லென்ஸக் கொண்டு வரலையா?"

"இன்னைக்கு இதுதான் தம்பி."

அழகரின் தங்கக் குதிரை தெரிந்ததும் கூட்டம் ஒரு அலையாக முன்னால் சாய்ந்தது. தம்பி கேமராவைத் தூக்கினார். லென்ஸின் முனை முன்னால் நின்ற அம்மாவின் கொண்டையில் இடித்தது, அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், தம்பி இறக்கிக்கொண்டார். மறுபடி தூக்கியபோது தோப்பறைத் தண்ணீர் முன்கண்ணாடியில் விழுந்தது. சட்டையைத் தூக்கித் துடைத்தார், கண்ணாடி முழுக்க ஈஷிக்கொண்டது. அதற்குள் நான் சூடச் செம்பையும், அதை ஏந்திய ஈரக் கையையும், அதற்குப் பின்னால் குதிரையையும் ஒரே சட்டத்துக்குள் எடுத்திருந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எடுத்த அழகரின் நெருக்கமான முகம் என்னிடம் இல்லை. 35 மி.மீ.யில் அது வராது.

மதுரையில் கேமரா தூக்குகிறவர்களிடம் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் நடமாடுகிறது. லென்ஸ் பெரிதாக, கனமாக இருந்தால்தான் படம் தரமாக வரும், சின்ன லென்ஸ் பழகுகிறவர்களுக்கு என்பது அது. மண்டப வாசல் டீக்கடையிலும், லென்ஸ் வாடகைக்கு விடும் கடையிலும், புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்தியிலும் இதைக் கேட்டிருக்கிறேன். நானே பத்து வருடம் நம்பி, அதற்கான காசையும் கட்டி, தோள் வலியையும் வாங்கியவன். இதற்குச் சொல்லும் காரணங்கள் நாலைந்து உண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, கனம் கூடினால் தெளிவு கூடும் என்பது.

லென்ஸ் ஏன் கனக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை, முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 85 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 1.4 வேண்டுமென்றால் துளை 61 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். எஃப் 1.8 போதுமென்றால் 47 மி.மீ. போதும். துளை அகலமானால் ஒளி கூடுகிறது. கூடவே தொல்லையும் கூடுகிறது. கண்ணாடியின் ஓரத்து வழியே வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. இதைக் கோளப்பிறழ்ச்சி என்பார்கள். இந்தக் குறையால் வரும் கலங்கல் துளையின் அகலத்தோடு மும்மடியாக ஏறும். எஃப் 2இலிருந்து எஃப் 1.4க்குப் போனால் ஒளி இரண்டு மடங்கு ஆகிறது (இதைத்தான் ஒரு ஸ்டாப் என்போம்), கலங்கல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிவிடுகிறது. அதை அடக்கத்தான் மேலும் மேலும் கண்ணாடிகளை அடுக்குகிறார்கள். நாம் சுமக்கும் கனத்தில் பெரும்பங்கு அந்த ஒரு ஸ்டாப் ஒளிக்காகக் கட்டும் விலை. தெளிவு என்பது அந்த விலையைக் கட்டிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பி வருவதுதான்.

ஒளித்துளையைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளச் சம்மதித்த வடிவமைப்பாளர் சின்ன உடம்புக்குள் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2012இல் லைக்கா கொண்டுவந்த 50 மி.மீ. எஃப் 2 அப்போ-சம்மிக்ரான் வெறும் 300 கிராம். 2019இல் வந்த ஃபோக்ட்லேண்டர் அப்போ-லாந்தர் 50 மி.மீ. எஃப் 2, சோனி கேமராவுக்கான வடிவத்தில் 364 கிராம். 2013இல் ஜெய்ஸ் வெளியிட்ட ஓட்டஸ் 55 மி.மீ. எஃப் 1.4 ஏறக்குறைய ஒரு கிலோ. ஓட்டஸ் அருமையான லென்ஸ், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் எஃப் 2இல் வைத்து மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஒப்பிட்டால், 700 கிராம் கூடுதல் கனம் எங்கே தெரிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ஒரே கம்பெனி, ஒரே குவியத் தூரம், ஒரே எஃப் எண் என்று எடுத்துக்கொண்டாலும் கணக்கு பொய்க்கிறது. சிக்மாவின் 85 மி.மீ. எஃப் 1.4 ஆர்ட் 2016இல் வந்தபோது 1,130 கிராம். கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2020இல் அதையே புதிதாகச் செய்தார்கள், சுமார் 630 கிராம். சோனியின் 70-200 எஃப் 2.8 ஜி.எம். 2016இல் 1,480 கிராம், 2021இல் வந்த இரண்டாவது பதிப்பு 1,045. இரண்டிலும் தெளிவு குறையவில்லை. சோனியில் தெளிவும் குவியும் வேகமும் கூடவே செய்தன. பழைய கேனான் 85 மி.மீ. எஃப் 1.2 வைத்திருந்தவர்களுக்கு இந்த வேகத்தின் அருமை தெரியும். உள்ளே ஒரு பெரிய கண்ணாடித் தொகுதியே முன்னும் பின்னும் நகர வேண்டியிருந்ததால், மணப்பெண் சிரித்து முடித்த பிறகு அந்த லென்ஸ் குவிந்து நிற்கும்.

பெரிதாக இருந்தே ஆக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் நம் ஊரை எடுத்தார். அந்த மதுரைப் படத்தொகுப்பு 1858இல் வெளிவந்தது. நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டிப் படம் போட்ட காலம். படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக வேண்டும், அதைப் பிடிக்கும் கேமராவும் லென்ஸும் அதற்குத் தக்கபடி வேண்டும். அவர் சுமந்த ஒவ்வொரு சேருக்கும் காரணம் இருந்தது.

இரண்டாவது காரணம், வெளிச்சம். "எஃப் 2.8 இல்லாம மதுரைல வேலை பார்க்க முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

மதுரை வெயிலில் நின்றுகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்வோம். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, காணும் பொங்கலுக்கு அலங்காநல்லூர். மூன்றுமே பகலில் நடப்பவை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்து எஃப் 16இல் எடுக்கலாம் என்பது பிலிம் காலத்திலிருந்து நம் கைக்கணக்கு. ஐ.எஸ்.ஓ. 200 என்றால் ஒரு நொடியில் 200இல் ஒரு பங்கு. எஃப் 5.6க்குத் திறந்தால் மூன்று ஸ்டாப் கூடுகிறது, 1,600இல் ஒரு பங்கு வந்துவிடும். எஃப் 4 என்றால் 3,200இல் ஒரு பங்கு. துள்ளும் காளையின் கொம்பும், திமிலைப் பிடித்த கையும், தெறிக்கும் தேங்காய் நாரும் அப்படியே நின்றுவிடுகிற வேகம் அது. வாடிவாசலின் நிழலிலிருந்து காளை வெளியே பாயும் அந்த நொடிக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. 800, 1,600 என்று ஏற்றினால் போதும். இன்றைய எந்தக் கேமராவுக்கும் 1,600 ஒரு பொருட்டில்லை. எஃப் 2.8இன் கூடுதல் ஸ்டாப்பை வைத்து அங்கே வேறு என்ன செய்யப் போகிறோம்? கேனானின் மிரர்லெஸ் 70-200இல் எஃப் 2.8 லென்ஸ் 1,070 கிராம், எஃப் 4 லென்ஸ் 695. காலை ஏழு மணிக்குப் பரணில் ஏறினால் இறங்குவது பிற்பகலில்தான். மதியத்துக்கு மேல் கை கீழே இறங்கிய நேரத்தில் அந்த வருடத்தின் நல்ல காளை வெளியே வரும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

ராத்திரி கபடி வேறு கதை. நம் கிராமங்களில் கம்பத்தில் விளக்குக் கட்டி விடிய விடிய ஆடுகிற கபடிக்கு எஃப் 2.8 வேண்டும், எஃப் 2 இருந்தால் இன்னும் நல்லது. அங்கே நான் கனத்தைச் சுமப்பேன், குறை சொல்ல மாட்டேன்.

கல்யாண மண்டபத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் தொழிலின் சோறு அங்கேதான் இருக்கிறது. அதிகாலை முகூர்த்தம், வெளியே இருட்டு, மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கு, ஆகவே எஃப் 1.4 இல்லாமல் முடியாது என்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தைக் கண் முன்னால் கொண்டுவந்து பாருங்கள். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்தில். பெண்ணின் முகம் கொஞ்சம் குனிந்து. பின்னால் முடிச்சுப் போட நாத்தனார், அவருக்குப் பின்னால் விளக்குப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண், சுற்றிலும் அட்சதைக் கைகள். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால், தெளிவாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். பெண்ணின் ஒரு கண் தெளிவாக இருக்கும், மூக்குத்தியோடு சரி. மாப்பிள்ளையின் கை பஞ்சாகிவிடும், நாத்தனார் இருந்ததற்குத் தடயமே இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து வந்து, அந்த மூன்றாம் முடிச்சுக்காகப் பட்டுப்புடவை கட்டி நிற்கும் அக்காவை அழித்துவிட எனக்கு என்ன உரிமை? மூன்று மீட்டர் தள்ளிப் போய் எஃப் 4இல் வைத்தால் ஆழம் 30 சென்டிமீட்டர் ஆகும். 35 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டரில் எஃப் 2.8 வைத்தால் அரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். எல்லோரும் கடைசியில் செய்வதும் இதைத்தான். ஒரு கிலோ கனமுள்ள எஃப் 1.4 லென்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, எஃப் 4இல் திருகி வைத்து எடுக்கிறோம். எஃப் 4இல் நல்ல எஃப் 1.8 லென்ஸும் அதுவும் ஒன்றுதான்.

அதோடு, மணவறை இப்போது இருட்டாகவும் இல்லை. வீடியோக்காரர்களின் எல்.இ.டி. பலகைகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. முன்பு ஐ.எஸ்.ஓ. 800க்கே பயந்தோம். இப்போது 6,400இல் எடுத்துப் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பத் தாளில் போட்டுக் கொடுக்கிறோம், எந்தப் பெண் வீட்டாரும் புள்ளி தெரிகிறது என்று திருப்பி அனுப்பியதில்லை.

இதோடு ஒட்டியதுதான் பின்புலத்தைக் கலைக்கும் ஆசை. "பேக்ரவுண்ட் பிளர் ஆனாத்தாண்ணே கேண்டிட் மாதிரி இருக்கும்." அழகான விஷயம்தான், அளவோடு இருக்கும்போது. ஆனால் புதுமண்டபத்துக்கு முன்னாலும், திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையிலும், தெப்பக்குளத்து மைய மண்டபத்தை வைத்தும் மணமக்களை நிறுத்திவிட்டு, அத்தனையையும் பால் நிறக் குழைவாக ஆக்குவது எனக்கு வலிக்கிறது. 1636இல் எழும்பிய மகாலின் சுதை வேலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, அதைத் தெரியாமல் செய்வதற்கென்றே ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கிறோம். முப்பது வருடம் கழித்து அந்த ஆல்பத்தைத் திறக்கும் பிள்ளைகள், அம்மாவும் அப்பாவும் எங்கே நின்றார்கள் என்று தேடுவார்கள்.

மூன்றாவது காரணம் பறவை எடுக்கிறவர்கள் சொல்வது. இதில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 600 மி.மீ. எஃப் 4 லென்ஸுக்கு 150 மி.மீ. அகலத் துளை வேண்டும். கணக்குப்படி அதைக் குறைக்க வழியே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் முன்கண்ணாடி சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுக் காட்டுயிர்ப் படங்களின் முன்னோடியான மா. கிருஷ்ணன்கூட வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய ஒரு பெருங்கருவியைத்தான் சுமந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கடைக்காரர் சொல்லி வாங்கியதில்லை அது. யானையின் முன்னால் நின்று தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டவர் தன் கையால் கட்டியது.

நான் மறுப்பது, பறவைக்கு எஃப் 4 இல்லாவிட்டால் பயனில்லை என்ற பேச்சை மட்டும். நிக்கானின் 500 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3,090 கிராம். 2018இல் அவர்கள் வெளியிட்ட 500 மி.மீ. எஃப் 5.6, 1,460 கிராம். ஒரு ஸ்டாப் குறைவு, கனம் பாதிக்கும் கீழே. துளை 125 மி.மீ.யிலிருந்து 89ஆகச் சுருங்கியது ஒரு காரணம். ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் கலங்கரை விளக்கத்துக்காகக் கண்டுபிடித்த படிப்படியான கண்ணாடி நினைவுக்கு வரும்படி, நுணுக்கமான வளையங்கள் செதுக்கிய ஒரு கண்ணாடியை உள்ளே வைத்தது இன்னொரு காரணம். சாதாரணக் கண்ணாடி நிறங்களை ஒரு திசையில் பிரித்தால் இது எதிர்த்திசையில் பிரிக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் மற்ற கண்ணாடிகளைக் குறைக்க முடிகிறது. கேனான் 2001 வாக்கிலேயே 400 மி.மீ. எஃப் 4இல் இந்த வழியைப் பிடித்திருந்தது. குறையும் உண்டு. சூரியனோ விளக்கோ சட்டத்துக்குள் வந்தால் அதைச் சுற்றி நிற வளையம் தோன்றலாம். கண்மாய்த் தண்ணீரில் மாலை வெயில் மின்னும்போது பார்த்து எடுக்க வேண்டும்.

சாமநத்தம் கண்மாய்க் கரையில் காலை ஆறரைக்கு நின்றால் அரிவாள் மூக்கனின் இறகு ஒவ்வொன்றாகத் தெரியும். ஒன்பதரைக்கு அதே இடத்தில், அதே தூரத்தில், அதே லென்ஸில் எடுத்துப் பாருங்கள். சேறு காய்ந்து சூடேறிய தரையிலிருந்து கானல் எழும்பும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைப்பதால் பறவையின் விளிம்பு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். நூறு மீட்டர் காற்று கொதிக்கும்போது மூன்று கிலோ லென்ஸும் ஒன்றரைக் கிலோ லென்ஸும் அதே நெளிந்த படத்தைத்தான் தரும். பத்து லட்சத்தைத் தாண்டும் லென்ஸை வாங்கிவிட்டு, எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பி வருகிறவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நம் சமவெளியில் பறவைப் படத்தின் தெளிவைத் தீர்மானிப்பது கிளம்பும் நேரமும், எவ்வளவு பக்கத்தில் போய் உட்கார முடிகிறது என்பதும்தான்.

அரிட்டாபட்டிக்கு வந்தால் கனத்தின் விலை முழங்காலில் தெரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கும் குன்றுகள் அவை. பாறை வழுக்கும், நிழல் கிடையாது. மூன்று கிலோ லென்ஸ், அதற்குத் தகுந்த முக்காலி, அதற்குத் தகுந்த தலை என்று ஏழெட்டுக் கிலோவைத் தூக்கிப் பாதிப் பாறையில் உட்கார்ந்துவிட்டவரை விட, கையில் பிடித்தபடி மேலே வரை போனவருக்குத்தான் வல்லூறு கண் மட்டத்தில் பறந்தது.

இரும்பு மாதிரி கனமாக இருந்தால்தான் உழைக்கும் என்றும் சொல்கிறார்கள். தூசியையும் தண்ணீரையும் தடுப்பது மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம். அது சில கிராம்தான். கனமான லென்ஸ் கீழே விழுந்தால் கனத்தோடுதான் விழும், மவுண்ட்டை வளைத்துவிடும். கனம் இருந்தால் கை ஆடாது என்று சொல்வதும் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் உண்மை.

எதிர்ப்பக்கத்தில் எனக்கு மதிப்புள்ள ஒரு வாதம் இருக்கிறது. சின்ன லென்ஸ்கள் பலவும் கம்ப்யூட்டரை நம்பிச் சிறிதானவை என்பது அது. உண்மை. கோடுகளை நேராக வைப்பதற்கென்று முன்பு உள்ளே இருந்த கண்ணாடிகளை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள். முன்னே சொன்ன சிக்மா 85கூடத் தன் கனத்தில் ஒரு பகுதியை இப்படித்தான் இறக்கியது. திருத்தாத படத்தில் நேர்க்கோடு உள்ளே வளைவது தெரியும். முகத்துக்கு இது பொருட்டில்லை. மகாலின் தூண்களை அகலக் கோண லென்ஸில் எடுக்கும்போது பொருட்டுதான். வளைந்த தூணை மென்பொருள் நிமிர்த்தும்போது மூலைகளை இழுத்து நீட்டுகிறது, நீட்டிய இடத்தில் சுதைச் சிற்பத்தின் நுணுக்கம் மெலிகிறது. இருண்ட மூலையை வெளிச்சமாக்கும்போது புள்ளியும் கூடுகிறது. கட்டடங்களையும் சிற்பங்களையும் ஆவணப்படுத்துவது ஒருவரின் வேலையென்றால், கண்ணாடியாலேயே நேராக்கிய லென்ஸை, கனத்தோடு சேர்த்து, வாங்கட்டும். அந்த வேலைக்கு அந்தக் கனம் நேர்மையான கனம்.

கடைசிக் காரணத்தைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரிய லென்ஸ் வைத்திருந்தால்தான் மண்டபத்தில் மதிக்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் வந்து லென்ஸைப் பார்த்துவிட்டுத்தான் "சார்" என்கிறார், இல்லாவிட்டால் "தம்பி, கொஞ்சம் தள்ளு". இந்த அவமானத்தை நானும் தின்றிருக்கிறேன், அதனால் இதை லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் அந்த மரியாதைக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய லென்ஸின் மரியாதை இல்லாமலே வேலை பார்த்தவரும் உண்டு. 1950இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெசான் நம் மதுரைக்கு வந்தார். அதே வருடம் ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் இருந்தவர். அவர் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது சட்டைக்குள் மறைக்கக்கூடிய லைக்கா, அதில் சின்ன 50 மி.மீ. லென்ஸ். எலும்பும் தோலுமான பிள்ளையை ஏந்திய ஒரு தாயை இங்கே அவர் எடுத்த படம் இன்றும் உலகமெங்கும் பேசப்படுகிறது. அவ்வளவு பக்கத்தில் போய் நிற்க முடிந்தவருக்குத்தான் அந்தப் படம்.

போன ஆடியில், முகூர்த்தம் இல்லாத மாதம், வைகையில் என் பக்கத்தில் நின்ற அதே தம்பி வீட்டுக்கு வந்தார். 85 எஃப் 1.2 ஒன்று வாங்கப் போகிறாராம், ஏறக்குறைய 1.2 கிலோ. "அக்கா நகையத் தர்றேன்னு சொல்லுதுண்ணே, ஆவணி, தை ரெண்டு சீசன்ல திருப்பிறலாம்" என்றார். அவருடைய அக்காவை எனக்குத் தெரியும். தையல் மிஷின் வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னேன். வாடகைக்கு எடுத்த 85 எஃப் 1.4இல் அவர் எடுத்திருந்த மூன்று கல்யாணங்களைத் திறந்தோம். ஆல்பத்துக்குப் போன படங்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எந்த எஃப் எண்ணில் எடுத்தது என்று பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். 2.8, 4, 4, 3.2, 5.6, 4 என்று போனது. தம்பி மௌஸை மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப் போனது.

ஒரு படத்தில் நிறுத்தினார். முந்தின நாள் இரவு, மண்டபத்து மூலையில், கரண்ட் போன நேரம். யாரோ கையில் வைத்திருந்த அகல் விளக்கின் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் அப்பத்தா, பாம்படக் காதோடு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எஃப் 1.4, ஐ.எஸ்.ஓ. 12,800. ஒரு கண், கன்னத்துச் சுருக்கம், விரல் நுனிச் சுண்ணாம்பு. மற்றதெல்லாம் இருட்டு.

"இதுக்கு அந்த லென்ஸ் வேணும்லண்ணே" என்றார்.

"வேணும்தான். இது இல்லாம இந்தப் படம் இல்ல."

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ராத்திரிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கிறலாம், அக்காகிட்ட வேணாம்னு சொல்லிர்றேன்" என்று டிஸ்க்கைக் கழற்றினார்.